கமரா, ரவுட்டர் பொருத்துகிற நாங்கள் சேர்ந்து ஒரு பொதுத் தரம் வைத்துக்கொள்ள முடியாதா?

கல்லடிப் பாலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் 11 வருசமாகக் கமராவும் வைஃபையும் பொருத்துகிற வேலை செய்கிறேன். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று எழுவான்கரை முழுக்க, சில நேரம் வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்கும் போவேன். கேள்வி கொஞ்சம் நீளம், ஆனால் நடந்ததைச் சொல்லாமல் கேட்டால் விளங்காது.

போன மாதம் ஒரு வீட்டிலிருந்து விடியக் காலையில் கோல் வந்தது. மகன் கட்டாரில். அம்மா விழுந்து இடுப்பு முறிந்ததிலிருந்து படுக்கையில் இருக்கிறார். மகன் அங்கிருந்து பார்ப்பதற்காக அறைக்குள் தலை திருப்புகிற சின்னக் கமரா ஒன்று வைத்திருக்கிறார்கள். இரவு ஒன்றரை மணிக்கு அது கிர்ர் என்று திரும்பிச் சுவரைப் பார்த்திருக்கிறது, மறுகா அலுமாரியை, மறுகா கட்டிலை. அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்த மகள், அண்ணன்தான் பார்க்கிறார் என்று நினைத்துக் கையைக் காட்டியிருக்கிறார். விடிந்து அண்ணனிடம் கேட்டால், அந்த நேரம் அவர் வேலைத்தளத்தில், போன் லொக்கருக்குள்.

நான் போய்க் கமராவைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஸ்டிக்கர். யூசர்நேம் அட்மின், பாஸ்வேர்ட் ஆறு தடவை எட்டு, அதன் கீழே, போனிலிருந்து கமராவைத் தேடிப் பிடிக்கிற ஐடி இலக்கம். வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோக அதே மாடலில் புதுப் பெட்டி ஒன்று பையில் இருந்தது. அதையும் உடைத்தேன். அதே அட்மின், அதே எட்டுகள், ஐடியில் கடைசி இரண்டு எண் மட்டும் வேறு. அப்போ ஒரு கமராவின் ஸ்டிக்கரைப் பார்த்த எவரும் அடுத்த வீட்டு இலக்கத்தை ஊகித்து உள்ளே போகலாம். அந்த அம்மாவின் அறையில் அதைப் பொருத்தியது நான். பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று வாயால் சொன்னேன், மாற்றினார்களா என்று பார்க்கவில்லை. அன்று இரவு நித்திரை வரவில்லை. பழைய பில் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு, இப்படி எத்தனை வீடு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எனக்கு வருகிற கோபம் இதுதான். ஹெல்மெட் வாங்கினால் எஸ்எல்எஸ் தர முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். வட்ட முள் 5 அம்பியர், 15 அம்பியர் என்று வீட்டுக்கு வீடு கலந்து கிடந்த பிளக்குகளுக்குப் பதிலாக 13 அம்பியர் சதுர முள்தான் நாட்டுக்கு ஒரே தரம் என்று கொண்டுவந்தார்கள். வயர்லஸ் சாமான்களுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் (டிஆர்சி) அங்கீகாரம் என்று ஒன்று உண்டு, ஆனால் அது அலைவரிசை சம்பந்தப்பட்ட விசயம். படுக்கை அறைக்குள் இருபத்துநாலு மணித்தியாலமும் கண் திறந்திருக்கிற ஒரு பெட்டியின் பூட்டு எப்படி இருக்க வேண்டும் என்று பெட்டியின் மேல் ஒரு வரிகூட இல்லை. எத்தனை வருசத்துக்கு அப்டேட் வரும் என்றும் இல்லை, பிழை கண்டால் யாருக்குச் சொல்வது என்றும் இல்லை.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்த வேலை செய்கிற 9 பேர் ஒரு வட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். இனி இந்த அளவுக்குக் கீழே உள்ள சாமானைப் பொருத்த மாட்டோம் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு கோடு கிழிக்கலாம் என்பது என் எண்ணம். தனியாக நான் மட்டும் கிழித்தால் வாடிக்கையாளர் பக்கத்து ஆளிடம் போய்விடுவார். கேட்பது மூன்று. உலகத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு தரம் இருக்கிறதா? இருந்தால் எங்களைப் போல ஆட்கள் அதை எப்படிப் பாவிக்கலாம்? எங்கே தொடங்குவது?

செங்கலடி வாசி எழுதியது:

தம்பி, முதலில் அந்த வீட்டை முடித்துவிட்டு வருவோம். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, ஏனென்றால் அந்த ஐடி இலக்கம் கமராவுக்குள் பதிந்தது, அதை உன்னாலும் என்னாலும் மாற்ற முடியாது. இந்த மாதிரி அடுத்தடுத்த ஐடியால் எட்டக்கூடிய கமராக்கள் இருபது இலட்சத்துக்கு மேல் இணையத்தில் கிடக்கின்றன என்று 2019இல் ஒரு ஆய்வாளர் காட்டியிருந்தார். அதனால் அந்த மாடலையே எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்து. ரவுட்டரில் யூபிஎன்பியை, அதாவது உள்ளே இருக்கிற கருவி கேட்டவுடன் வெளியிலிருந்து வழி திறந்துவிடுகிற வசதியை, நிறுத்து, போர்ட் ஃபோர்வார்ட் என்று கையால் அப்படி வழி ஏதும் திறந்திருந்தால் அழி, புதுக் கமராவைக் கெஸ்ட் வைஃபையில் தனியாகப் போடு, மகனின் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கு. அனுமதி இல்லாமல் கருவிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம். முறைப்பாடு செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறது, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கிற இலங்கை சேர்ட்டுக்கும் அறிவிக்கலாம். பழைய கமராவை எறிந்துவிடாமல் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

இனி உன் கேள்வி. தரம் இருக்கிறது. நான் சிங்கப்பூரில் இந்தச் சாமான்களைச் சோதிக்கிற ஒரு லேபில் சில வருசம் இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலகம் முழிப்புக்கு வந்தது 2016இல். மிராய் என்று ஒரு நிரல். அது பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. தூரத்திலிருந்து கருவிக்குள் நுழைகிற டெல்நெட் என்ற பழைய வழி திறந்து கிடக்கிற கமரா, படம் பதிகிற டிவிஆர், ரவுட்டர்களைத் தேடிப்போய், தொழிற்சாலையில் போட்டு அனுப்புகிற யூசர்நேம் பாஸ்வேர்ட் சோடிகள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். இலட்சக்கணக்கான கருவிகள் கைக்கு வந்தன. அவற்றை ஏவி, ஒக்டோபர் 21 அன்று தளத்தின் பெயரைத் தட்டினால் சரியான சேர்வருக்கு வழிகாட்டுகிற டைன் என்கிற டொமைன் பெயர்ச் சேவையை அடித்தபோது அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்காகத் திறக்கவில்லை. கமரா வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, படம் வழமைபோல ஓடிக்கொண்டே இருந்தது. இதுதான் இந்த விசயத்தின் கஷ்டம். பிளக் பழுதென்றால் வாங்கினவனுக்கே சுடும். கமராவின் பூட்டுப் பழுதென்றால் அடி விழுவது எங்கோ இருக்கிற வேறொருவனுக்கு, ஆகவே விற்பவனுக்கும் அவசரம் இல்லை, வாங்குபவனுக்கும் அவசரம் இல்லை. அப்படிப்பட்ட சந்தையில் பொதுவான ஒரு தரத்தை வெளியிலிருந்து வைத்தால்தான் உண்டு.

பிரித்தானியா 2018இல் 13 அம்சங்கள் கொண்ட நடைமுறைக் கோவை ஒன்றை வெளியிட்டது. அதை அடியாக வைத்து ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்ஸி 2020 ஜூனில் ஈஎன் 303 645 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. வீட்டுப் பாவனைக் கருவிகளுக்கு இன்று உலகம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகிறது இதுதான். அதில் தலையானவை மூன்று. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்ட் கூடாது. பிழை கண்டவர் அறிவிக்க ஒரு வழி வெளிப்படையாக இருக்க வேண்டும். மென்பொருளுக்கு அப்டேட் வர வேண்டும், அது எந்தக் காலம் வரை என்று சொல்ல வேண்டும். நீ உன் கோபத்தில் எழுதிய மூன்றும் இவைதான், பார்த்தாயா. முதலாவதிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் வேறு பாஸ்வேர்ட் என்று சொல்லிவிட்டு, அதை மக் அட்ரஸின், அதாவது வலையமைப்பில் கருவியை அடையாளம் காட்டுகிற இலக்கத்தின், கடைசி எட்டு எழுத்தாக வைத்தால் அந்தத் தரத்தின்படி அது தோல்வி, ஏனென்றால் மக் அட்ரஸ் காற்றில் எல்லோருக்கும் தெரிகிற விசயம்.

தாளில் எழுதினால் யார் கேட்பார் என்று நினைப்பாய். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் இந்த மூன்றும் சட்டம். மீறினால் ஒரு கோடி பவுண் வரை, அல்லது உலக வருமானத்தில் 4 வீதம் வரை தண்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2027 டிசம்பரில் முழுதாக நடைமுறைக்கு வருகிறது, அதில் சாதாரணமாக 5 வருசமாவது பாதுகாப்பு அப்டேட் கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் 2020இல் கருவியின் பாதுகாப்பு மட்டத்தைக் காட்டுகிற லேபல் முறையைத் தொடங்கியது, நான்கு மட்டம். முதலாவது மட்டம் பாஸ்வேர்டும் அப்டேட்டும், நான்காவதுக்குப் போனால் லேபில் ஆட்கள் உட்கார்ந்து உடைத்துப் பார்ப்பார்கள். வைஃபை ரவுட்டருக்கு 2021இல் முதல் மட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள். பின்லாந்தும் ஜேர்மனியும் அந்த லேபலை ஏற்றுக்கொண்டன. இதில்தான் பொதுத் தரத்தின் பெறுமதி இருக்கிறது. ஒரு நாட்டில் ஒரு தடவை சோதித்ததை அடுத்த நாடு நம்பலாம், தொழிற்சாலைக்காரன் நாட்டுக்கு ஒரு விதமாகச் செய்து அலைய வேண்டியதில்லை.

ஆகவே என் சொல் ஒன்றுதான். நீங்கள் 9 பேரும் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். உள்ளதை எடுத்து, ஊருக்கு ஏற்றபடி சுருக்குங்கள். மூன்றிலும் அப்டேட் காலத்தைத்தான் முதலில் பிடியுங்கள் என்பேன். பாஸ்வேர்டை நீ போய் மாற்றலாம், அப்டேட்டை உன்னால் உண்டாக்க முடியாது.

காத்தான்குடி கடைக்காரர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டு பேர் எழுதினதையும் வாசித்தேன், கல்லடித் தம்பி எழுதினது மனதுக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. நான் விற்கிற பக்கத்தில் இருக்கிறவன், அதனால் அந்தப் பக்கத்து உண்மையைச் சொல்கிறேன்.

கடைக்கு வருகிறவர் முதலில் கேட்பது விலை, இரண்டாவது கேட்பது இரவில் கலரில் தெரியுமா. பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்ட ஒருவரை நான் இன்னும் காணவில்லை. அது மட்டும் இல்லை. பெட்டியின் மேல் இருக்கிற பெயரை நம்பாதீர்கள். ஒரே தொழிற்சாலை, கமராவுக்குள் இருக்கிற ஒரே சர்க்யூட் போர்டைப் பத்துப் பெயரில் அடித்துத் தரும், நீங்கள் விரும்பின பெயரையும் அடித்துத் தரும். அதைவிட மோசம், மாடல் நம்பர் மாறாமல் உள்ளே சர்க்யூட் போர்ட் மாறும். போன வருசம் எடுத்த இருபதும் இந்த வருசம் எடுத்த இருபதும் வெளியே அச்சு அசல் ஒன்று, ஆனால் ஒன்றுக்கு வருகிற அப்டேட் மற்றதற்கு ஏறாது. ஏற்றினால் செத்துப்போகும், நான் இரண்டைச் சாகடித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போ மாடல் நம்பரை வைத்து நல்லது கெட்டது என்று பட்டியல் போட்டால் அடுத்த கொள்கலனோடு அந்தப் பட்டியல் பிழையாகிப் போகும்.

ஆனால் செங்கலடி சேர் எழுதினதிலிருந்து எனக்கு ஒன்று பிடிபட்டது. பிரித்தானியாவுக்கு ஏற்றுமதி செய்கிற தொழிற்சாலை இப்போது அந்தச் சட்டப்படிதானே செய்தாக வேண்டும்? அப்போ நல்ல ஃபர்ம்வெயார், கமராவுக்குள் ஓடுகிற மென்பொருள், அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நம்முடைய பக்கத்துக்குப் பழையதைப் போட்டு அனுப்புவது நாம் கேட்காததால்தான். நான் ஒருவன் ஐம்பது கமராவுக்கு ஓர்டர் போட்டுக்கொண்டு இதைக் கேட்டால் மறுமொழியே வராது. 9 பேர் சேர்ந்து, கடைகள் நாலைந்தும் சேர்ந்து, பிரித்தானியாவுக்குப் போகிற அதே வேர்ஷனைத் தா, சட்டப்படி செய்தது என்று எழுதித் தருகிற இணக்கப் பத்திரத்தையும் தா என்று கேட்டால் விசயம் வேறு. விலை கொஞ்சம் கூடும். எவ்வளவு கூடும் என்பதைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும், கேட்காமல் பயப்பட எனக்கு விருப்பம் இல்லை.

செங்கலடி வாசி எழுதியது:

நானா, நீங்கள் சொன்ன இணக்கப் பத்திரம் சரியான பிடி. அந்தச் சட்டப்படி சாமானோடு அது வரவே வேண்டும், அதில் பாதுகாப்பு அப்டேட் எந்தக் காலம் வரை என்றும் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிரித்தானியச் சட்டம் குறைந்தது இத்தனை வருசம் என்று சொல்லவில்லை, காலத்தை வெளிப்படுத்து என்றுதான் சொல்கிறது. ஆறு மாதம் என்று எழுதிக் கொடுத்தாலும் அங்கே அது சட்டப்படி சரி. அதனால் எத்தனை வருசம் வேண்டும் என்பதை நீங்களே தீர்மானித்துக் கேட்க வேண்டும்.

ஆரையம்பதி டீச்சர் எழுதியது:

எனக்கு இந்தத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாது, கமரா வாங்கிப் பாவிக்கிற ஆள். ஆனால் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

எங்கள் வீட்டுக் கமரா பாஸ்வேர்ட், பொருத்தின கடையின் பெயரும் பக்கத்தில் 123உம். அவர் போட்டுத் தந்ததுதான். இரண்டு மாதத்துக்கு முன் தங்கச்சி வீட்டில் கமரா தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டாள். பாஸ்வேர்ட் தாள் தொலைந்துவிட்டது, பொருத்தின பொடியன் போன் எடுக்கவில்லை. எனக்குச் சும்மா ஒரு யோசனை வந்து என் வீட்டு பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன். திறந்தது. அப்புறம் எங்கள் ஊரில் அந்தக் கடை பொருத்திய கோயில் எது, ரியூஷன் கொட்டில் எது என்று யோசித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். அந்த ரியூஷனுக்கு என் மாணவிகள் போகிறார்கள்.

தொழிற்சாலைக்காரன் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் போடுகிறான் என்று தம்பி கோபப்படுகிறீர்கள், அந்தக் கோபம் நியாயம். ஆனால் பொருத்துகிற நீங்களும் அதையே செய்கிறீர்கள். வீட்டுக்கு வீடு ஞாபகம் வைத்திருக்க ஏலாது என்று ஒரே திறப்பை நூறு வீட்டுக்கு வெட்டுகிறீர்கள். தொழிற்சாலையின் பாஸ்வேர்டாவது எங்கேயோ சீனாவில் இருக்கிறது, உங்களுடையது உங்களிடம் முன்பு வேலை செய்துவிட்டுப் போன ஒவ்வொரு பொடியனின் தலைக்குள்ளும் இருக்கிறது. உங்கள் பொதுத் தரத்தில் இதை முதலாவதாகப் போடுங்கள். பாஸ்வேர்டை வீட்டுக்காரர் கையாலேயே, அவருடைய போனில், நீங்கள் திரும்பிப் பார்க்காமல் நிற்கும்போது போடச் செய்யுங்கள்.

இன்னொன்று. கொடுக்கிற கடதாசி தமிழில் இருக்கட்டும். என் மாமிக்கு எண்பது வயது, வீட்டில் பகலில் இருப்பது அவர் மட்டும்தான். சிவப்பு லைற் எரிந்தால் என்ன, கமரா தன்பாட்டில் திரும்பினால் எந்த வயரைக் கழற்ற வேண்டும், யாருக்குக் கோல் எடுக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் நாலு வரி இருந்தால் அவரே செய்வார்.

சம்மாந்துறை வட்டை எழுதியது:

டீச்சர் சொன்னதை நானும் என்மேல் எடுத்துக்கொள்கிறேன். நான் கமரா விற்கிறவன் இல்லை, சின்னச் சின்னக் கருவி செய்கிறவன். ஈஎஸ்பி32 சிப்பை வைத்து வயல் வாய்க்காலில் நீர் மட்டம், நெல் களஞ்சியத்தில் ஈரப்பதன், இப்படி அளந்து போனுக்கு அனுப்புகிற பெட்டிகள். முதல் தொகுதியில் 40 பெட்டி செய்தேன். எல்லாவற்றுக்குள்ளும் சேர்வருக்குப் போகிற பாஸ்வேர்ட் ஒன்றுதான், நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டேன். ஒரு பெட்டி களவு போனது. எடுத்தவனுக்கு விசயம் தெரிந்திருந்தால் மற்ற 39 களஞ்சியத்திலும் எவ்வளவு நெல் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம். 39 இடத்துக்கும் மோட்டார் சைக்கிளில் போய் ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிதாக எழுதினேன், அந்த வெயிலை நான் மறக்க மாட்டேன்.

அதனால் தரத்தைப் பற்றிக் கதைக்கும்போது பெட்டிக்கு உள்ளே இருப்பதையும் சேர்த்துக் கதையுங்கள். மலிவான கமரா ஒன்றின் மூடியைக் கழற்றினால் போர்டின் ஓரத்தில் வரிசையாக மூன்று அல்லது நான்கு துளை இருக்கும், வெள்ளை எழுத்தில் டிஎக்ஸ், ஆர்எக்ஸ், ஜிஎன்டி என்று. அதில் வயர் கொளுவினால் பல கருவிகளில் நேரே ரூட் அனுமதி, அதாவது கருவியின் முழுக் கட்டுப்பாடு, பாஸ்வேர்ட்கூடக் கேட்காது. தொழிற்சாலையில் சோதிக்க வைத்த வாசல், அடைக்காமல் அனுப்பிவிடுகிறார்கள். ஈஎன் 303 645இல் இதை அடைக்கச் சொல்லி இருக்கிறது.

வயர்லஸ் பக்கத்திலும் ஒன்று. ரவுட்டரில் வைஃபை பாஸ்வேர்ட் தட்டாமலே கருவியைச் சேர்க்கிற டபிள்யூபிஎஸ் பின் இருக்கிறதே, 8 இலக்கம் என்றால் பத்துக் கோடி சேர்க்கை என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்குப் பார்த்து வருவது, மீதியை ரவுட்டர் முதல் பாதி, இரண்டாவது பாதி என்று தனித்தனியாகச் சரிபார்க்கும். முதல் பாதிக்கு 10,000, இரண்டாவதுக்கு 1,000, மொத்தம் 11,000 தடவைக்குள் எப்படியும் திறந்துவிடும். 2011இலேயே வெளியே வந்த விசயம் இது. அப்படியிருந்தும் இன்றைக்கும் நான் போகிற வீடுகளில் அது இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் 9 பேரும் போகிற ஒவ்வொரு வீட்டிலும் அதை நிறுத்திவிட்டு வந்தால் அதற்குச் சாமான் மாற்றத் தேவையில்லை, காசும் தேவையில்லை.

செங்கலடி சேரோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்டேட் வருகிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, எப்படி வருகிறது என்று கேட்க வேண்டும். தயாரித்தவர்தான் அனுப்பினார் என்று காட்டுகிற டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்காமல் எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் ஏற்றிக்கொள்கிற கருவிக்கு அப்டேட் என்பது இன்னொரு திறந்த கதவு. அடுத்தது கரண்ட். அப்டேட் பாதியில் ஓடும்போது கரண்ட் போனால் பெட்டி செத்தது. மாரி மழைக்கு இங்கே கரண்ட் போவது எல்லோருக்கும் தெரியும். அதற்கு வழி இருக்கிறது, மெமரியில் இரண்டு இடம் வைத்து, ஓடுகிற மென்பொருள் ஒன்றிலும் புதியது மற்றதிலும் எழுதி, புதியது சரியாக எழும்பினால் மட்டும் மாறுவது. ஈஎஸ்பி32இல் இந்த வசதி இருக்கிறது, கையொப்பம் பார்த்துத் தொடங்குகிற வசதியும் இருக்கிறது, இரண்டையும் நான் இப்போது பாவிக்கிறேன். ஆனால் 8 எம்பி மெமரியோடு வருகிற கமராவில் இரண்டு இடத்துக்கு வழி இல்லை, சில சதத்துக்காக அங்கே மிச்சம் பிடித்திருப்பார்கள். ஆகவே கடைக்கார நானா தொழிற்சாலைக்கு எழுதும்போது இந்த இரண்டு கேள்வியையும் சேர்த்து எழுதுங்கள். அப்டேட் கோப்பில் கையொப்பம் பார்க்கிறதா? பாதியில் கரண்ட் போனால் பழையதற்குத் திரும்புமா?

செங்கலடி வாசி எழுதியது:

தம்பி சொல்வது சரி, நான் சுருக்கியதில் விட்டுப்போனது. கையொப்பம் இல்லாத அப்டேட்டை நானும் அப்டேட்டாகக் கணக்கெடுப்பதில்லை. ஆனால் கரண்ட் பயத்தில் அப்டேட்டை நிறுத்தி வைக்கச் சொல்லாதீர்கள். கரண்ட் நிலையாக இருக்கிற நேரம் பார்த்து, யூபிஎஸ்ஸில் கொளுவி, வீட்டுக்காரர் முன்னால் செய்யுங்கள்.

கல்லடிப் பாலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் எழுதினதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். நானும் அப்படித்தான் செய்தேன், ஒரே சொல்லும் வருசமும் போட்டு. நேற்று இரவு வட்ஸ்அப் குழுவில் அதை நான் முதலில் சொன்னேன், பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். 9 பேரில் 7 பேர்.

நேற்றுப் பேசி முடித்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள். பாஸ்வேர்டை வீட்டுக்காரர்தான் போடுவார், அதை நாங்கள் எழுதி வைக்கவே மாட்டோம், மறந்தால் ரீசெட் செய்து தருவோம், அதற்குக் காசு வாங்க மாட்டோம். யூபிஎன்பி, டபிள்யூபிஎஸ் இரண்டையும் நிறுத்தாமல் வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டோம். தொழிற்சாலை பாஸ்வேர்ட் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்து, முதல் தடவை இயக்கும்போது மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாத சாமானைத் தொடவே மாட்டோம். அப்டேட் காலம் எழுத்தில் இல்லாததை, வாடிக்கையாளர் தானே வாங்கிக்கொண்டு வந்தாலும், படுக்கை அறையிலும் வகுப்பறையிலும் பொருத்த மாட்டோம். வாசலிலும் வளவிலும் என்றால், விசயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருத்துவோம். இந்தக் கடைசி விசயத்தில் சண்டையே நடந்தது. எங்கேயும் கூடாது என்று மூன்று பேர், அப்படிச் சொன்னால் அடுப்பில் பூனை படுக்கும் என்று மற்றவர்கள். இப்போதைக்கு இந்த அளவில் நிற்கிறோம்.

அப்டேட் காலம் எத்தனை வருசம் என்று கேட்பது என்பதில் இன்னும் முடிவு இல்லை. நான் 5 என்கிறேன், ஐரோப்பாவில் கேட்பது அதுதானே. கல்முனையில் இருக்கிற அண்ணன் ஒருவர், முதலில் 3 கேட்போம், கிடைத்தால் பிறகு கூட்டுவோம் என்கிறார். காத்தான்குடி நானா, தொழிற்சாலைக்குப் போகிற கடிதத்தை நீங்கள் எழுதுங்கள், 9 பேரும் கையெழுத்து வைக்கிறோம். சம்மாந்துறைத் தம்பியின் இரண்டு கேள்வியும் அதில் இருக்கட்டும். உள்ளே சர்க்யூட் போர்ட் மாறினால் மாடல் நம்பரும் மாற வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

பழைய வீடுகள்தான் பெரிய வேலை. என் பில் புத்தகத்தில் அந்த மாடல் மட்டும் 64 இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று வீடு என்று தொடங்கிவிட்டேன், இன்றோடு 17 முடிந்தது. நாலு வீட்டில் வீடு பூட்டி, ஆக்கள் வெளிநாட்டில், கமரா மட்டும் ஓடுகிறது. அவர்களுடைய நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த அம்மாவின் அறைக்கு வேறு கமரா பொருத்தியாயிற்று. தலை திருப்பாத ஒன்றுதான் வேண்டும் என்று மகள் சொன்னார், அப்படியே கொடுத்தேன். பாஸ்வேர்டை அவரே போட்டார், நான் முற்றத்தில் நின்றேன். மகன் கட்டாரிலிருந்து வீடியோவில் இருந்தார்.

டீச்சர் கேட்ட நாலு வரித் தாளைத் தமிழில் எழுதிவிட்டேன். எழுத்து இன்னும் பெரிதாக வேண்டுமா என்று உங்கள் மாமியிடம் காட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுக்கிறோம், திருத்தம் இருக்கிறவர்கள் ஞாயிறு இரவுக்கு முன் இங்கேயே எழுதுங்கள்.